சிவசாமி சொன்ன ‘நே’

“ஒரு பாஷையப் படிக்கிறதுக்கு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போற பொம்பளைய இந்த நல்லதண்ணி ஊரு பாத்திருக்கா? கேக்கிறேன், பாத்திருக்கா?”

காலையிலிருந்து சிவசாமி இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்லதண்ணி பதில் சொல்லவில்லை. அவர் மனைவி பிரியந்திதான் சொன்னாள்.

“இனிமே பாக்கும்.”

மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். இந்த சீசனில் வந்தவர்களில் பாதிப்பேர் கொரியாக்காரர்கள். ஹட்டனில் சனிக்கிழமைதோறும் கொரியன் கிளாஸ் நடக்கிறது, சேரப்போகிறேன் என்றாள் பிரியந்தி. சனிக்கிழமை சிவசாமிக்கு நஸார் நானாவின் கம்பளித் தொப்பிக் கடையில் கேரம் ஆட்டம். மனைவி பஸ் ஏறிவிட்டால் சமையல் யார்? பாஷை கிடக்கட்டும், பிரச்சினை சோறு.

சோற்றுக்காகத் தடுக்கிறேன் என்று ஒரு மனுஷன் சொல்ல முடியுமா? கொள்கை என்றார்.

“கிளாஸ்ல எல்லாம் பாஷை வராது புள்ள. அதுல மூழ்கணும். முழுக்கு முறைன்னு போன்ல ஒருத்தன் அழகாச் சொல்றான்.”

“ஒங்க முழுக்கு எனக்குத் தெரியாதா? தோட்டத்து வேலைக்கு ஒரு முழுக்கு, கோழிப் பண்ணைக்கு ஒரு முழுக்கு.”

“சிங்களம் நான் எந்த கிளாஸ்ல படிச்சேன்? பஸ்ஸுல போய்ப் போய்ப் படிச்சேன்!”

“அதான் ஒங்க சிங்களம் ‘எறக்கம் இருக்கு’ங்கிறதோட எறங்கிருச்சு.”

சிவசாமி எழுந்து நின்றார். முக்கியமான முட்டாள்தனங்களை அவர் நின்றுகொண்டுதான் அறிவிப்பார்.

“இன்னைக்கிருந்து இந்த வீட்டுல தமிழ் கிடையாது. கொரியன் மட்டும்தான். யாரு தமிழ்ல கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது.”

“கிளாஸுக்குப் போகவான்னு ஒங்ககிட்ட கேக்கணும்னா?”

“கொரியன்ல கேளு!”

“சரி” என்றாள் பிரியந்தி. அந்த வீட்டில் அதுதான் கடைசித் தமிழ்.

சிவசாமிக்கு உள்ளூரப் பூரிப்பு. அவளுக்குத்தான் கொரியன் ஒரு வார்த்தைகூடத் தெரியாதே. எப்போது கேட்டு முடிப்பாள்?

அன்று மத்தியானமே பார்க் என்ற கொரிய அம்மாள் வந்து இறங்கினாள். சிவசாமி டீக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று கண்ணால் கேட்டார்.

“நே, நே” என்றாள் அந்த அம்மாள், தலையையும் ஆட்டி.

சிங்களத்தில் அந்தச் சத்தத்துக்கு ‘இல்லை’ என்று அர்த்தம். உலகத்து பாஷையெல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று சிவசாமி மெய்சிலிர்த்தார். மூழ்கி ஐந்து நிமிஷத்தில் ஒரு வார்த்தை! டீயைத் தானே குடித்தார். பார்க் அம்மாளின் கண்கள் கோப்பை போன வழியெல்லாம் போயின. அதை பிரியந்தி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்தான் கிடையாதே.

பார்க் அம்மாளுக்கு முழங்கால் வலி. மலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவைத்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இருவரும் வெங்காயம் உரித்தார்கள், சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னார்கள், எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவசாமி கூடத்தில் தனியாக மூழ்கிக்கொண்டிருந்தார். குழம்பில் உப்பில்லை. உப்புக்குக் கொரியனில் என்ன? தெரியவில்லை. உப்பில்லாமலே தின்றார்.

பிரியந்தி கான்வென்டில் படித்தவள். எந்த சிஸ்டரிடம், எந்த நேரத்தில், யாரை வைத்துக்கொண்டு அனுமதி கேட்க வேண்டும் என்பதை அங்கே கணக்குப் பாடத்தைவிட நன்றாகப் படித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, பார்க் அம்மாளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கையைக் கட்டிக் கேட்டாள்.

“மேஜூ தோயோயில், ஹட்டன் கிளாஸ் கதோ தெயோ?”

ஹட்டன். கிளாஸ். சிவசாமிக்கு அது போதும்.

“நே!” என்றார் கண்டிப்பாக.

அவள் முகம் வாடவில்லை. “தங்சினி பாப் ஹெயோ?”

இது கெஞ்சலாக இருக்க வேண்டும். இளகக் கூடாது. மேசையைத் தட்டினார். “நே! நே! நே!”

பார்க் அம்மாள் கைதட்டினாள். பிரியந்தி இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு குனியவில்லை. முழுக்கு முறை மரியாதையையும் கற்றுக்கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அடுப்பு பற்றவைக்கவில்லை. குடையைக் காணோம். அவளையும் காணோம். சிவசாமி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். பிரியந்தி ஜன்னலோரம் அம்சமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே கடை திறந்துகொண்டிருந்த நஸாரிடம் முறையிட்டார்.

“பாருங்க நானா! கிளாஸுக்குப் போறாளாம். எத்தனை தடவை ‘நே’ன்னு சொன்னேன்!”

கொரியாக்காரர்களுக்குத் தொப்பி விற்றே தலை நரைத்த நஸார் பூட்டைக் கீழே வைத்தார்.

“என்ன கேட்டதுக்கு ‘நே’ன்னீங்க?”

காதில் நின்றதைச் சொன்னார் சிவசாமி.

“அண்ணே, அவங்க பாஷையில ‘நே’ன்னா ஆமாங்கிறது. மொதல்ல கேட்டது, சனிக்கிழமை சனிக்கிழமை கிளாஸுக்குப் போகட்டுமான்னு.”

“ரெண்டாவது? அந்த பாப்பு?”

“பாப்னா சோறு. நீங்க ஆக்குவீங்களான்னு கேட்டிருக்காங்க. மூணு தடவை ஆமான்னிருக்கீங்க.”

பஸ் நகர்ந்தது. தூரத்தில் வீட்டு வாசலில் பார்க் அம்மாள் தட்டோடு நின்றிருந்தாள். சிவசாமி ஜன்னலோடு சேர்ந்து ஓடினார்.

“ஏ பிரியந்தி! அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னாச்சும் சொல்லிட்டுப் போ புள்ள!”

தமிழில் கேட்டார்.