மல்ப்ளாக்கே அண்ணையின் பின்வாங்கல்

சென்ற வருடம் ஜூலை முதலாம் திகதி, காலை ஏழு மணி இருபது நிமிடம். வெப்பம் இருபத்தாறு பாகை. மதியத்துக்குப் பிறகு இடியுடன் மழை என்று வானொலி சொன்னது. என் முதுகு அதை விடியவே சொல்லிவிட்டது. அந்த வெக்கையில், கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீலக் கோட்டுடன் இரண்டாம் மாடி வெளிப்படியில் நின்ற ஒரு மனிதர், கீழே நின்ற லொறியைப் பார்த்து, "நடுப்பகுதி முன்னேறலாம்" என்று கட்டளையிட்டார். முன்னேற வேண்டிய நடுப்பகுதி அவருடைய குளிர்சாதனப் பெட்டி.

மொன்றியல் தீவில் இருக்கிற அத்தனை தமிழரிலும், முந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் நடந்த ஒரு சண்டைக்காக இன்றைக்கும் சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போகக்கூடியவர் அவர் ஒருவர்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் மல்ப்ளாக்கே அண்ணை.

அந்தப் பெயர் வந்தது பிரெஞ்சு வகுப்பில். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்திய வகுப்பு அது. ஆளுக்கு ஐந்து நிமிடம், விரும்பிய எதைப் பற்றியும் பேசலாம் என்று ஆசிரியை சொன்னார். நான் பனியைப் பற்றிப் பேசினேன். எனக்கு முன் பேசிய எட்டுப் பேரும் பனியைப் பற்றித்தான் பேசினார்கள். அண்ணை, தேவாலய வாசலில் இலவசமாக எடுத்துப் போகும்படி வைத்திருந்த பெட்டியில் இருந்து அட்டை இல்லாத புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது மல்ப்ளாக்கே என்ற கிராமத்தில் 1709இல் நடந்த போரைப் பற்றியது. வேறு பிரெஞ்சுப் புத்தகம் அவரிடம் இல்லை. ஆகவே அதையே அகராதி வைத்து வரிவரியாகப் படித்து முடித்திருந்தார். கரும்பலகையில் இரண்டு காடுகளை வரைந்து பேசத் தொடங்கியவர் நாற்பது நிமிடம் பேசினார். ஆசிரியை இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்க்கவில்லை, கதையில் விழுந்துவிட்டார்.

கதை இதுதான். ஒரு பக்கம் பிரெஞ்சுப் படை. மறு பக்கம் ஆங்கிலேயர், ஒல்லாந்தர், ஒஸ்திரியர் எல்லாம் சேர்ந்த கூட்டுப் படை. இரண்டு காடுகளுக்கு நடுவே இருந்த வெளியில் பிரெஞ்சுக்காரர் அகழி வெட்டிக் காத்திருந்தார்கள். காலையில் மூடுபனி. பனி விலகச் சண்டை. பிரெஞ்சுத் தளபதிக்கு முழங்காலில் குண்டு. பின்னேரம் பிரெஞ்சுப் படை களத்தை விட்டுப் போனது. ஆகவே வென்றது கூட்டுப் படை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் வென்றவர்களுக்கு விழுந்தது தோற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. துரத்திப் போக அவர்களிடம் ஆளும் இல்லை, மூச்சும் இல்லை. தோற்றவர்களோ வரிசை குலையாமல், கொடியோடு, நடந்து போனார்கள்.

இந்தக் கடைசி வரியில்தான் அண்ணையின் உயிர் இருந்தது.

அந்தப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அவர் பிரெஞ்சு கற்கவில்லை என்பதால், அவருடைய பிரெஞ்சில் போருக்கு வெளியே சொற்கள் குறைவு. மூலையில் இருந்த டெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் பால் முடிந்திருந்தால், வழங்கல் பாதை எங்கே வெட்டுப்பட்டது என்று விசாரிப்பார். கடைக்காரரும் பழகிப்போய், வியாழக்கிழமை துணைப்படை வரும் என்று பதில் சொல்வார். முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனபோது, எதிரி எப்போது சுட்டான் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அது வெறும் வயதுத் தேய்மானம் என்று அந்த இளம் பெண் மருத்துவர் சொன்னதும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து, தளபதிக்கும் முழங்கால்தான் என்பது படித்த பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று அரை மணி நேரம் குறைப்பட்டார்.

நான் கீழ் வீட்டில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஊரில் கணக்கு வாத்தியார். அதனால் அவருக்கு நான் மாஸ்டர். அவருடைய மனைவி காலமான பிறகு வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்களிடம் சாப்பிட வருவார். பிட்டைக் கோப்பையின் இரண்டு கரையிலும் குவித்துக் காடாக்கி, நடுவில் சம்பலால் அகழி கட்டுவார். என் மனைவி கறிக் கரண்டியோடு நின்று பார்ப்பாள்.

"உங்கட சண்டை முடிஞ்சால் சொல்லுங்கோ அண்ணை. குழம்பு ஊத்த வேணும்."

"பொறு பிள்ளை, பனி இன்னும் விலகேல்லை."

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் நான் வாய் தவறி, தோற்ற சண்டையை இப்படித் தூக்கிக்கொண்டு திரிகிறீர்களே என்று கேட்டேன். அவர் எழும்பிக் கை கழுவினார். பாதிக் காடு கோப்பையில் அப்படியே கிடந்தது. அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளி, ஒன்றும் நடக்காதது போல வந்து கோப்பையை நீட்டினார்.

ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர். அந்த நீலக் கோட்டும் அங்கே வந்ததுதான். வாசல் காவலருக்குத் தைத்து அளவு பிழைத்தது. ஓய்வு பெற்ற பிறகு, ஏதாவது முக்கியமான நாளென்றால் அதைப் போடுவார். மகளின் கல்யாணத்துக்கும் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரை மண்டபத்துக் காவலர் என்று நினைத்துக் கார்ச் சாவியைக் கொடுத்தார்கள். அண்ணை மூன்று கார்களை ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் தாரை வார்க்க வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுச் சொந்தக்காரர் கட்டடத்தை விற்றார். வாங்கியவர் தன் மகனுக்கு மேல் வீடு வேண்டும் என்று எழுதினார். சட்டப்படி அறிவித்தல், சட்டப்படி அவகாசம், பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு வாங்கியிருந்த மகள், அப்பா எங்களோடு வந்து இருங்கோ என்றாள். நான் பதறினேன். மேல் வீட்டில் யார் வரப் போகிறார்கள், எத்தனை நாய், எத்தனை மேளம் என்றெல்லாம் கேட்டுக் கவலைப்பட்டேன். அண்ணை பதறவில்லை. படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"அஞ்சு வீட்டில இருந்து ஓடியிருக்கிறன் மாஸ்டர். ஷெல் விழ விழ ஓடினது. ஒரு வீட்டையும் பூட்டேல்லை. கடைசி வீட்டில அடுப்பில சோறு கிடந்தது. அது வெந்திச்சோ கருகிச்சோ தெரியாது. இந்த முறை நான் ஓடமாட்டன். ஒரு ஊசி விடாமல் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, என்ர கையால திறப்பைக் குடுத்திட்டு நடந்து போகவேணும்."

அவர் ஏன் அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினேழு வருடம் பிட்டுப் போட்ட பிறகு.

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். லொறி கிடைப்பதே பெரிய காரியம். மருமகன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வேலையிடத்து நண்பர்கள் மூவரோடு வந்திறங்கினார். மருமகன் நல்ல பிள்ளை, பக்தி கூடியவர். புது வீட்டுக்குள் முதலில் சாமிப் படமும், உப்பும், மஞ்சளும், நிறைகுடமும்தான் போகவேண்டும். பிறகு பால் காய்ச்ச வேண்டும். அதன் பிறகுதான் கதிரை மேசை. இது எல்லாருக்கும் தெரிந்த முறை. சாமிக்குத்தான் முதலிடம் என்று மருமகன் அந்தப் பெட்டியை முதலாவதாக லொறியில் ஏற்றி, ஆடாமல் அசையாமல் ஆக உள் மூலையில் வைத்துக் கட்டினார். பிறகு அதை மறைத்துக்கொண்டு கட்டில்கள், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, முப்பத்தொன்பது மட்டைப் பெட்டிகள்.

பத்தரை மணிக்கு, லொறிக் கதவு சாத்தும் நேரம், மகள் லவாலில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். பாலும் சட்டியுமாக வாசலில் காத்திருப்பதாகவும், வந்ததும் சாமிப் பெட்டியை முதலில் இறக்கும்படியும் சொன்னாள். மருமகன் லொறிக்குள் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். முதலில் இறங்க வேண்டியது கடைசியாக ஏறியிருக்க வேண்டும் என்ற கணக்கு, எங்கள் ஆறு பேர் மண்டைக்கும் ஒரே நேரத்தில் எட்டியது.

மருமகன் வழி சொன்னார். போகிற வழியில் புதுப் படம் ஒன்று வாங்கலாம். அல்லது பாதிச் சாமானை இங்கேயே விட்டுவிட்டு நாளைக்கு வரலாம்.

அண்ணை படியில் இருந்து இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக, கோட்டோடு.

"விட்டிட்டுப் போறதெண்டால் அது ஓட்டம் தம்பி. எல்லாத்தையும் இறக்குங்கோ. ஒழுங்கா ஏத்துவம்."

"மாமா, மழை வருது."

"அண்டைக்கும் பனி."

இறக்கினோம். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் நடைபாதையில் பரவிக் கிடந்தது. மாவரிக்கும் அரிதட்டு, பழைய தையல் மெஷின், ஒருவரும் தொடாத பனிச்சறுக்கு மட்டை ஒரு சோடி. அந்த நேரம் பார்த்துத்தான் புது ஆட்களின் லொறி வந்து வீதியை அடைத்தது. கட்டடத்தை வாங்கியவரின் மகன், தாடி வைத்த ஒரு கியூபெக் இளைஞன், அவனோடு ஒரு பெண், இரண்டு நண்பர்கள். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

அண்ணை நேரே அந்த இளைஞனிடம் போனார். அவர் பிரெஞ்சில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: எங்கள் படை மதியத்துக்குள் களத்தைவிட்டு விலகும், அதுவரை தங்களுடைய பீரங்கிகளை இடது பக்க நடைபாதையில் நிறுத்தி வைக்கும்படி மரியாதையுடன் வேண்டுகிறோம். இளைஞன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். கோட்டைப் பார்த்தான், நடைபாதையைப் பார்த்தான், தன் சோபாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, அப்படியே ஆகட்டும் தளபதி என்றான். ஐந்து நிமிடத்தில் அவனும் நண்பர்களும் எங்கள் அலுமாரியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை விரிப்பு மடிக்கிற கையோடு மூலைக்கு மூலை பொருத்திச் சொல்லச் சொல்ல, எல்லாம் ஏறியது. கடைசியாகச் சாமிப் பெட்டி, கதவுப் பக்கமாக.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. மழை தூறத் தொடங்கியது. அண்ணை மேலே போனார். துணைக்கு நானும் போனேன். வெறும் வீடு. ஒவ்வொரு அறையாக நடந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். குசினியில் அடுப்பின் நான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை, மாஸ்டர்," என்றார்.

"ஓம் அண்ணை. ஒண்டும் இல்லை."

வெளியே வந்து கதவைச் சாத்தித் திறப்பைத் திருகினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பிறகு திறந்து, இன்னொரு தரம் பூட்டினார். அவருக்குப் பின்னால் படியில், சோபாவின் ஒரு முனையைத் தோளில் தாங்கியபடி அந்த இளைஞன் நின்றான். அடுத்த நிமிடம் தான் திறக்கப் போகிற கதவை அவர் பூட்டுவதை, மழையில் நனைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணை திரும்பி, இரண்டு கையாலும் திறப்பைக் கொடுத்தார். பிறகு அந்த வளைந்த படிகளில் கைப்பிடியைத் தொடாமல், மெல்ல, நிமிர்ந்து இறங்கினார். முழங்கால் வலித்திருக்கும். காட்டவில்லை.

இப்போது லவாலில் இருக்கிறார். கீழறை முழுக்க அவருக்குத்தான். மேல் வீட்டு இளைஞன் நல்லவன். நாய் ஒன்றுதான், மேளம் இல்லை. வெள்ளிக்கிழமைப் பிட்டு மட்டும் மிஞ்சுகிறது. என் மனைவி அதை அடுத்த நாள் திரும்பச் சூடாக அவித்து, சம்பலோடு ஒரு டப்பாவில் போட்டு என் கையில் தருகிறாள். முடிந்த சனிக்கிழமைகளில் நான் கொண்டுபோகிறேன். எப்படி வந்தீர்கள் மாஸ்டர் என்று அண்ணை ஒவ்வொரு தரமும் கேட்பார். மெற்றோவில் வந்து பஸ் எடுத்தேன் என்பேன். பொய். பஸ்சுக்கு நின்றால் பிட்டு ஆறிவிடும், ஆறின பிட்டில் காடு நிற்காது. டாக்சியில் போக வர எண்பத்திரண்டு டொலர். இதுவரை பதினான்கு சனிக்கிழமை, ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு டொலர்.