மூன்றாம் கேபினும் லாக்-அவுட் அக்காவும்

கடலூர் மாவட்டத்திலேயே சொந்தப் பெயரைப் பூட்டி வைத்திருந்த ஒரே மனுஷி லாக்-அவுட் அக்காதான். "உங்க பேரு என்னாக்கா?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பேரைச் சொன்னா பாதி பாஸ்வேர்டைச் சொன்ன மாதிரி. உன் வேலையைப் பாரு."

திருப்பாப்புலியூர் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் அவருக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஆறு பிளைவுட் தடுப்பு, சுவரில் ஒரு மாதா படம். நான் அப்போது உரக் கம்பெனி டெப்போவில் குமாஸ்தா. 2006-ல் மெயில் பார்க்க முதல்முறை அங்கே போனேன். பாஸ்வேர்டு அடிக்கப் போகும் நேரத்தில், "இரு தம்பி" என்று வந்து நின்றார். கீபோர்டு மேல் முகப் பவுடரைத் தூவினார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இப்ப போடு" என்றார்.

போட்டேன். குனிந்து, விரல் பட்ட கட்டைகளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஆறு கேபினுக்கும் கேட்கும்படி, "செல்வி, ஒண்ணு ரெண்டு மூணு. யாரு தம்பி செல்வி?"

செல்வி சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேர பஸ் தூரம்தான். ஆனால் அவள் அப்பாவுக்குக் கீழவீதியில் கடை. நாலு வீதியிலும் சொந்தக்காரர்கள். மெயிலை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

"மனசுல இருக்கிறவ பேரு, பொறந்த தேதி, வண்டி நம்பரு, இதெல்லாம் பாஸ்வேர்டு இல்ல தம்பி, விலாசம். உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வாக்கியத்தை நீளமா வையி. யாருகிட்டயும் சொல்லாத. என்கிட்டயும்."

இந்த உபதேசத்தை எல்லோருக்கும் செய்தார். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் அதை மனசார ஏற்றுக்கொண்டார். பழக்கதோஷம், எதை எழுதினாலும் உரக்கச் சொல்லித்தான் எழுதுவார். "என்... சம்சாரம்... வைக்கிற... சாம்பாரில்... உப்பு... ஜாஸ்தி" என்று அவர் அடிப்பது சந்துமுனை டீக்கடை வரை கேட்கும். அக்கா தலையில் கையை வைத்துக்கொள்வார். வாரம் ஒரு புது வாக்கியத்துக்கு மாற்றச் சொல்வார். அடுத்த வாரம் முழுக்க ரசத்தைப் பற்றிக் கேட்போம்.

லாக்-அவுட் பண்ணாமல் எழுந்து போகிறவர்களை அவர் விட்டதே இல்லை. ஒருமுறை ஒரு பேங்க் ஆபீசர் மெயிலைத் திறந்தபடியே போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறிவிட்டார். அக்கா அடுத்த பஸ்ஸில் ஓல்டு டவுன் வரைக்கும் துரத்திப்போய் ஆளைப் பிடித்தார். "வீட்டைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்க சார்." அவர் பதறிப்போய், "திருடன் வந்துட்டானா?" என்று கூடவே ஓடிவந்தார். கடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எந்த வீடு என்று அக்கா விளக்கினார்.

எனக்கு வந்த சோதனை அடுத்த வருஷம். ஒரு மத்தியானம் மூன்றாம் கேபினில் செல்விக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கரகரத்த குரல், என் பெயரைச் சொல்லி, "அவன் இங்கதான் வர்றானாமே? சிதம்பரத்திலிருந்து வர்றேன்" என்றது. நான் தடுப்புக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"யார் வந்தா யார் போனான்னு சொல்ற கடை இல்லைங்க இது."

"ரிஜிஸ்டரக் காட்டும்மா."

"அது போலீஸு கேட்டா காட்டறதுக்கு."

"அவன் லெட்டரத் தொறந்து காட்டு. என் பொண்ணு எழுதினத நான் படிக்கக்கூடாதா?"

"பொண்ணு உங்க பொண்ணுதான். கடுதாசி அவளோடது."

தடாலென்று ஒரு சத்தம். முன்னால் இருந்த மானிட்டரைக் கீழே தள்ளிவிட்டார். அக்காவின் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "அதுக்குள்ள கடுதாசி இருக்காதுங்க. அது வெறும் டிவிப்பொட்டி மாதிரி."

பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. நான் வெளியே வந்தேன். அக்கா கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"லாக்-அவுட் பண்ணியா?"

பண்ணியிருக்கவில்லை.

அத்தனை காவலும் எங்கள் கடிதங்களைத்தான் காப்பாற்றியது, எங்களை இல்லை. செல்வியின் கடைசி மெயில் நாலே வரி. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனி எழுதாதே, நானும் எழுத மாட்டேன், உடம்பைப் பார்த்துக்கொள். ஆள் மெயில் படிக்கும் கேபின் பக்கமே வராத அக்கா அன்றைக்கு வந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேபின் வாசலை அடைத்தாற்போல் நின்றார். காலி இடம் கேட்டு வந்தவர்களிடம், "மூணாவது மிஷினு ரிப்பேரு, போயிட்டு வாங்க" என்றார். நான் அழுது முடிக்கும்வரை அது ரிப்பேராகவே இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிடவாக்கா?" என்று கேட்டேன்.

"அழிக்கிறதும் வெச்சிக்கிறதும் உன் உரிமை. ஆனா ஒண்ணு. ரொம்ப மாசம் தொறக்காம கெடந்தா மெயில் கம்பெனிக்காரனே தூக்கிடுவான். அப்பப்ப உள்ள போயி எட்டிப் பாத்துட்டு வா."

அதற்குப் பிறகு என்னைத் திட்டக்குடிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அக்கா அந்த ஊர் டெப்போ விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் பெயர் கிடையாது. நடுவில் ஒரே வரி: "மூணு மாசம் ஆச்சு." என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொண்டு தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கே விருத்தாசலம் போய், ஒரு சென்டரில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படியே மூன்று மாதத்துக்கு ஒன்றாக நாலு வருஷம் வந்தது.

2012-ல் அட்டை நின்றுபோனது. கடலூருக்குப் போய்ப் பார்த்தேன். சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. அக்கா எங்கே போனார் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி வேறு யாரிடம் விசாரிப்பது?

நினைவூட்ட ஆளில்லாமல் அந்த மெயிலும் ஒரு நாள் மூடிப்போனது, செல்வியின் கடிதங்களோடு. அதற்கு நான் அவ்வளவாக வருத்தப்படவில்லை. ஆனால் தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் இன்றைக்கும் டெப்போ வாசலுக்குப் போய் நிற்கிறேன், அக்காவிடமிருந்து ஒரு வரி வந்திருக்குமா என்று.