மாலை போட்ட அமெரிக்கர்

பொறாமை வந்துவிட்டால் மனுஷனுக்கு இல்லாத திறமையெல்லாம் இருப்பதாகத் தோன்றிவிடும். எனக்கு ஓவியத் திறமை அப்படித்தான் வந்தது.

கல்யாணமான புதிது. மட்டாஞ்சேரியில் மாமனாரின் மசாலாக் கடையில் வேலை. நாள் முழுக்க அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். (அந்த முறைப்பு உங்களுக்கு வாய்க்காதது உங்கள் அதிர்ஷ்டம்.) மனைவி சுஜா இருந்த நாடகக் குழு, பெயர்பெற்ற ஓர் அமெரிக்க நாடக ஆசிரியரின் நாடகத்தைத் தமிழில் போட்டது. அரங்க வாசலில் வைக்க அவர் படத்தைப் பென்சிலில் வரைந்து கொடுத்தவன் கணேசன். சுஜாவின் அத்தை மகன். முறைப்பையன்!

"அத்தான் வரைஞ்சதைப் பாருங்க, கண்ணு அப்படியே பேசுது!" என்றாள்.

அவன் 'அத்தான்', நான் வெறும் 'ஏங்க'வா? "இதென்ன பெரிய வித்தை? நான் வரைஞ்சா இதைவிட நல்லா வரும்" என்று வாயை விட்டேன்.

செல்போனில் அந்த அமெரிக்கரைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வழுக்கை, கண்ணாடி, முறைப்பு எல்லாம் பிரமாதமாக வந்தன. நாடகத்தன்று சாயங்காலம் கணேசன் வரைந்த படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, என்னுடையதை நிறுத்தினேன். கூடுதல் மரியாதையாக இருக்கட்டும் என்று மல்லிகை மாலை போட்டு, விளக்கும் ஏற்றினேன்.

முதலில் வந்தவர் எங்கள் பக்கத்துக் கடை ஜோசப் சேட்டன். படத்தைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"ஐயோ மோனே! காலையிலகூட சேர்ந்து சாயா குடிச்சோமே! எப்போ போனாரு?"

"யாரு சேட்டா?"

"உன் மாமனாருடா!"

அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அமெரிக்கரைக் காணோம். தினமும் என்னை முறைக்கும் அதே முகம்! அதற்குள் சாவுச் செய்தி பரவி, தெருவில் கடைகளின் ஷட்டர்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மகள் நடிப்பைப் பார்க்க மாமனார் இறங்கினார். ஜோசப் சேட்டன் சிலுவை போட்டுக்கொண்டார். மாமனார் படத்தையும் மாலையையும் என்னையும் நிதானமாகப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது?"

"கணேசன்" என்றேன். (ஆமாம், அப்படியும் சொன்னேன்.)

அவர் முகம் மலர்ந்தது. நான் அதற்குமுன் பார்த்தே இராத மலர்ச்சி. "அச்சு அசல் நானேதான்! மாலையை எடுங்க மாப்ளே, படத்தைக் கடையில மாட்டணும்."

இன்றும் அது கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி மகன் வரைஞ்சது" என்று பெருமையாகச் சொல்கிறார். கணேசன் இதுவரை மறுக்கவில்லை. படுபாவி! கடைக்கு வரும்போதெல்லாம், உண்மையில் வரைந்தது யாரென்று தெரிந்த சுஜா அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள்:

"அத்தான் வரைஞ்சதைப் பாருங்க, கண்ணு அப்படியே பேசுது!"