வெள்ளிமலை முத்திரை

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ்ஸில் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது, ஜன்னலோர சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு ரெக்சின் பை. கருநீலம். ஜிப் வைத்தது. மேலே வெள்ளை எழுத்தில் 'நூலகர் பயிற்சி முகாம்' என்று அச்சடித்தது.

"வாங்க சார், உங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சிகினு கீறேன்" என்று அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் பையின் சொந்தக்காரர்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அவரைவிட அதிகமாகப் பயிற்சி பெற்ற ஜீவன் எதுவும் கிடையாது. சர்க்கஸ் யானையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை கிளை நூலகத்துக்கு அவர் நூலகர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் 'டிரெய்னிங்'.

நான் பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் கள்ளக்குறிச்சியில் நூலகராக இருந்தேன். என் நூலகத்தை ஒரு நாள் பூட்டினால், பேப்பர் படிக்க வருகிறவர்கள் மதியத்துக்குள் மனு எழுதிவிடுவார்கள். வெள்ளிமலையைப் பூட்டினால் கடலூர் அலுவலகத்துக்குச் செய்தி எட்டவே மழைக்காலம் வந்துவிடும். அதனால் எந்தப் பயிற்சிக்கு ஆள் கேட்டாலும் அவரையே அனுப்பினார்கள். போன இடத்தில் எல்லாம் அவருக்கு ஒரு பை கிடைத்தது. ஒழுங்காக வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது என்று வீட்டில் சொன்னேன்.

"ஒரு பைக்காவா இம்மாம் பொறாம?" என்றாள் என் மனைவி.

பைக்குத்தான்.

பயிற்சியில் கேட்டதை அவர் மறுநாளே செய்து பார்த்துவிடுவார். வாசகரை வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகூப்பி, படியில் நின்றார். சாமை மூட்டையோடு போன ஒருவர் மூட்டையை இறக்கிவிட்டு, "இன்னா சார், எலெக்சன் வந்துட்ச்சா?" என்று கேட்டார். இன்னொரு முறை ஆலோசனைப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மாதக்கணக்கில் காத்திருந்து திறந்தபோது உள்ளே ஒரே ஒரு சீட்டு: 'இந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் கடிகாரம் மாட்டவும்.' மாட்டிவிட்டார். அதையும் அடுத்த பயிற்சியில் வெற்றிக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

கடலூரில் அந்த முறை நடந்தது எல்லா நூலகர்களுக்குமான இரண்டு நாள் பயிற்சி. என் முதல் பயிற்சி. பை இல்லை, நிதி போதவில்லை என்றார்கள். ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்கள்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் சொன்னார்: "நூலகர் காவல்காரர் அல்ல. வாசகர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே போங்கள்." நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். டிரெய்னிங் எழுதவில்லை, தலையாட்டினார். அவர் தலையாட்டினால் எங்கோ ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

முடிவில் மாவட்ட நூலக அதிகாரி ஒரு செய்தி சொன்னார். அடுத்த மாதம் சென்னையில் ஒரு வார நிர்வாகப் பயிற்சி. மாவட்டத்துக்கு ஒரே ஆள். முடித்து வருகிறவருக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை. பரிசீலனையில் இரண்டு பெயர்கள். ஒன்று கள்ளக்குறிச்சி, மற்றது வெள்ளிமலை.

கிளைக்கு ஒரு கட்டு புதுப் புத்தகங்களையும் கொடுத்தார்கள். மறுநாள் காலை இருவரும் ஆளுக்கொரு சாக்குக் கட்டோடு ஒரே பஸ்ஸில் திரும்பினோம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சில ஊர்களில் அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. எங்களுக்கு வாய்த்தது எலவனாசூர்க்கோட்டைக்கு முன்னால் சாலையின் குறுக்கே கிடந்த ஒரு புளியமரம். இந்தப் பக்கம் ஒரு வரிசை பஸ், அந்தப் பக்கம் ஒரு வரிசை.

"எறங்கிக் காலாற நடங்க. எப்ப வுடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார் கண்டக்டர்.

நிழல் பார்த்து என் கட்டை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்தேன். டிரெய்னிங் தன் கட்டை அவிழ்த்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"வாசகருங்க எங்க கீறாங்களோ அங்க போவணும்னு சொன்னாரே சார்."

"அது பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்கா? ரெண்டு தபா சொன்னாரே!"

ரெக்சின் பையின் ஜிப்பைத் திறந்து, ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்தார். அந்த முத்திரை இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை. அவருடைய குடை, துண்டு, சோற்று டப்பா எல்லாம் 'கிளை நூலகம், வெள்ளிமலை' என்று சொல்லும்.

"பதிவேட்டில் ஏற்றாத புத்தகம் ஐயா இது!" என்றேன்.

"முத்திர குத்திட்டா நம்ம புள்ள சார்."

ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. அட்டை கிழிந்தாலும் புத்தகம் யாருடையது என்று காட்டுவதற்காக, அந்தப் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். எந்தப் பக்கம் என்பது வாசகருக்குத் தெரியக் கூடாது. வெள்ளிமலைக்குப் பதினேழாம் பக்கம். அவர் ஒவ்வொரு புத்தகத்திலும் அங்கே குத்தி, பஸ் பஸ்ஸாக ஏறிக் கொடுத்து, ரகசியத்தையும் அறிவித்தார்: "படிச்சிட்டுப் பதினேழாம் பக்கம் பாருங்க, நம்ம அட்ரஸ் கீது!"

பிறகு மரத்தின் மேல் ஏறினார். அந்தப் பக்கத்து பஸ்களுக்கும் வாசகர்கள் உண்டல்லவா.

"யோவ், யார்ரா அது மரத்து மேல?" என்று கத்தினான் மறியல்காரர்கள் காவலுக்கு நிறுத்தியிருந்த இளைஞன். கையில் கோடாரி.

"லைப்ரரி தம்பி."

"லைப்ரரிக்கு இங்க இன்னா வேல?"

"நீ இங்க கீறியே, அதான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "குந்திகினே கீறதுல பொழுதே போவல சார். நம்மளுக்கு ஏத்த மாரி எதுனா கீதா?"

தேனீ வளர்ப்பு பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மலையில் தேன் எடுக்கிறவர்கள் கேட்கிறார்கள் என்று கடலூருக்குத் திரும்பத் திரும்ப எழுதி அவர் வாங்கிய புத்தகம் அது. கோடாரியை மரத்தில் சாய்த்துவிட்டு அவன் படிக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் என்னிடமும் கூட்டம் வந்தது. "அந்த சார்கிட்ட தீந்துபோச்சாம். நீங்க குந்திகினு கீறீங்களே, அதுல இன்னா கீது?" என்று கேட்டார் ஓர் அம்மாள்.

"நூலகச் சொத்து."

"அதான் இன்னா?"

நான் பஸ்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வரிசையிலும் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் குனிந்திருந்தன. என் நூலகத்தில், இத்தனை வருஷத்தில், நான் பார்க்காத காட்சி. வயிறு எரிந்தது. மதியச் சாப்பாடு இல்லாததால் என்று வைத்துக்கொண்டேன்.

திடீரென்று மறியல் தலைவர்களிடமிருந்து உத்தரவு வந்தது, மரத்தை இழுத்துவிட்டார்கள். எல்லா டிரைவர்களும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள். ஜனங்கள் ஓடி ஏறினார்கள். சேலம் பஸ் சேலத்துக்கும், பாண்டி பஸ் பாண்டிக்கும் புறப்பட்டன. நடுச்சாலையில் டிரெய்னிங், ஒரு கையில் காலிச் சாக்கும் மறு கையில் ரெக்சின் பையுமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னை எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு என் கட்டை பஸ்ஸில் ஏற்றினேன்.

வழியில் அவர் பையை மடியில் வைக்கவில்லை, காலடியில் வைத்தார். "எப்ப திருப்பித் தரணும்னு யாருமே கேக்கல சார். நானும் சொல்லல" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "வேல போய்டுமா சார்?" என்று கேட்டார்.

"மெமோ வரும்" என்றேன். வந்தது. அதற்கும் முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார்.

பிறகு புத்தகங்கள் வர ஆரம்பித்தன. தபாலில் போனவை வெள்ளிமலைக்கே போயின. மலைக்கு பஸ் குறைவு என்பதால், கண்டக்டர்கள் கொண்டுவந்தவை எல்லாம் என் மேஜைக்கு வந்தன. வாங்கி வைத்து மலை பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் வேலையாயிற்று. என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, "டிரெய்னிங் சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள்.

டிரெய்னிங் மேல் விசாரணை நடத்த, என்னிடம் சாட்சியம் எழுதி வாங்க அதிகாரி வந்த அன்று என் மேஜையில் அப்படி ஒரு அடுக்கு இருந்தது. அவர் பேனாவைத் திறக்கும்போது சேலம் பஸ் கண்டக்டர் உள்ளே வந்தார்.

"ஒரு அம்மா குடுத்தனுப்பினாங்க. இதே மாரி வேற கத இருந்தா குடுக்கச் சொன்னாங்க."

அதிகாரி அடுக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கள் கட்டு?"

"பத்திரமாக இருக்கிறது சார்."

"யாராவது படித்தார்களா?"

மூலையில் என் கட்டு, கடலூரில் போட்ட முடிச்சோடு இருந்தது.

சென்னைப் பயிற்சிக்கான உத்தரவு வெள்ளிமலைக்குப் போயிற்று.

ஒரு வாரப் பயிற்சியை முடித்துக்கொண்டு அவர் நேராக என் நூலகத்துக்குத்தான் வந்தார். கையில் இரண்டு பைகள். பழுப்பு நிறம், பித்தளை ஜிப்.

"ஆளுக்கு ஒண்ணுதான்னாங்க சார். எங்க ஊர்ல ஒரு சார் கீறாரு, அவரு கட்டுலேர்ந்து ஒரு புக்குகூட வெளிய போவாதுன்னு சொன்னேன். அப்படியான்னு ஆச்சரியப்பட்டுக் குடுத்துட்டாங்க."

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைக்க முடியாது. ஜிப்பைத் திறந்தேன். உள்துணியில் கொட்டை எழுத்தில் 'கிளை நூலகம், வெள்ளிமலை'.

"பழக்கம் சார்" என்றார்.

இத்தனை நாள் ஆசைப்பட்ட பை கிடைத்தும், திருட்டுப் பை என்பார்களே என்று அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போக முடியவில்லை. என் மனைவி காய்கறி வாங்க எடுத்துப் போனாள்.

ஒரு புத்தகம் மட்டும் வரவில்லை. தேனீ வளர்ப்பு.

"போயும் போயும் அதையா கொடுத்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வூட்டுல ரெண்டு பொட்டி வச்சிகினு கீறானாம் சார். தேனி தங்க மாட்டேங்குதாம்."

தொலைந்தது என்று எழுதித் தள்ளிவிடச் சொல்லி அதிகாரிகள் மாறி மாறிக் கேட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் எழுதவில்லை. "தொலையல சார், பயணத்துல கீது" என்பதுதான் எல்லோருக்கும் ஒரே பதில். அலமாரியில் அதற்கான இடத்தையும் காலியாகவே வைத்திருந்தார்.

நான் நூலக வேலையை விட்டுப் பத்திரிகைக்கு வந்து பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். எந்த ஊரிலும் பழைய புத்தகக் கடையில் தேனீப் படம் போட்ட அட்டை கண்ணில் பட்டால், எடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கிறேன்.