இணை அமைச்சர் கொடுத்த தோள்

ஒரு தேசத்தின் தலையெழுத்து மாறும் நாளில் பெரிய மனிதர்கள் மலைபோல் அசையாமல் இருப்பார்கள். இணை அமைச்சர் மலாக்கி கில்ஹூலியும் காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரே ஒரு தடவை கழிப்பறைக்குப் போனார். கைப்பேசியையும் உள்ளே கொண்டுபோனார்.

டப்ளினில் அன்று அமைச்சரவை மாற்றம். கூட்டணியின் இரண்டு பெரிய கட்சிகளும் நூறு வருஷம் ஒன்றையொன்று சபித்துக் களைத்துப்போய், கடைசியில் பிரதமர் நாற்காலியில் முறைவைத்து உட்காருவதென்று சமாதானமானவை. இன்று முறை மாறுகிறது. மதியம் சபை கூடியதும் புதுப் பிரதமர் எழுந்து அமைச்சர்களின் பெயர்களை வாசிப்பார். அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கைப்பேசியில் அழைத்து, சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்பார். அழைப்பு வந்தவர் அமைச்சர். வராதவர், அடுத்த மாற்றம்வரை பிரதமரின் விசுவாசி.

நாட்டின் மேற்குப் பகுதிக்கு ஒரு நாற்காலி உறுதி. மேற்கத்தி அமைச்சர் ஒருவர் முட்டிவலியால் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தில் டப்ளின்காரரை உட்காரவைத்தால் மேற்கில் ஓட்டுப்பெட்டி காற்று வாங்கும். ஆனால் புதுப் பிரதமரின் கட்சிக்கு அங்கே மிஞ்சியிருந்தது இரண்டே உறுப்பினர்கள். ஒருவர் மலாக்கி. இன்னொருவர் ஓர்லா டோலன். நாலு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரே தொகுதியில், ஒரே கட்சிச் சின்னத்தோடு, ஒரே தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள்.

எதிர்க்கட்சிக்காரன் எதிர்வரிசையில் இருப்பான். திட்டிவிட்டு மறந்துவிடலாம். சொந்தக் கட்சிக்காரி பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே வீட்டுக் கதவைத் தட்டி, அதே ஓட்டைக் கேட்பாள். சுவரொட்டியில் ஓர்லா சிரித்தால் மலாக்கிக்குப் பல் கூசும். அந்தம்மா ஒரு சாலைப் பள்ளத்தை மூடவைத்தால், இவர் மூடுவதற்கு இன்னும் பெரிய பள்ளமாகத் தேடிக்கொண்டு காரில் அலைவார்.

தகுதி என்று பார்த்தால் தனக்குத்தான் கூடுதல் என்பது மலாக்கியின் கணக்கு. கோடை விடுமுறைக்கு முன்பு தொகுதி எல்லைத் திருத்த மசோதாவை சபையில் கொண்டுவந்தவர் அவர். அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை, இடம் மாறும் ஊர்களின் பெயர்கள் உட்பட, ஏற்ற இறக்கத்தோடு கம்பீரமாக வாசித்தார். அதற்கு முந்தைய நாள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடிப் பார்த்தார். ஓர்லாவின் சொந்த ஊர் வேறு தொகுதிக்குப் போய்விட்டதா? போகவில்லை. அந்த ஏமாற்றத்தில் மற்ற எதையும் பார்க்கவில்லை. வாசித்தது அவர் காதிலும் விழவில்லை. வாசிப்பது ஒரு வேலை, கேட்பது இன்னொரு வேலை. அரசாங்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான்.

காலைத் தேநீர் ஆறிய பிறகு ஒரு சந்தேகம் அவரை அரித்தது. எதிரி என்ன செய்துகொண்டிருப்பாள்? எழுந்து தாழ்வாரத்தில் உலாவுவதுபோல் ஓர்லாவின் அறைப் பக்கம் போனார். பூட்டியிருந்தது. உள்ளே விளக்கும் இல்லை.

உடனே ஊரில் தன் தொகுதி அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் கான்செப்டாவை அழைத்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவுக்கும் அவள்தான் செயலாளர். அந்த உரிமையில் இணை அமைச்சரை ஒருமையில் பேசுகிறவள்.

"ஓர்லா இங்கதான் இருக்கா," என்றாள். "கில்டோரன்ல, சாவுக்கு. காலையில ரேடியோல சொன்னாங்களே, இக்கி கீவன்னி."

"யாரு அது?"

"செத்துப்போனவர்."

"அது தெரியுது. நமக்கு யாரு?"

"நமக்கு யாருமில்லை. அதனால நீ அங்கேயே இரு, கான்ஃபிரன்ஸ் இருக்குன்னு சொல்லிக்கலாம். ஆனா அவ கோட்டைப் பாக்கணுமே. புதுசு, கறுப்பு, முழங்கால் வரைக்கும். அந்த விலைக்கு உன் கோட்டு மூணு வாங்கலாம்."

மலாக்கி கணக்குப் போட்டார். இந்தத் தேசத்தில் பதவி ஆசையுள்ள எந்த ஜீவனும் இன்று கைப்பேசியை விட்டு நகராது. ஒருத்தி மட்டும் சாவகாசமாகச் சாவுக்குப் போகிறாள் என்றால், அவளுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. புதுக் கோட்டு எதற்கு? சாயங்காலம் ஜனாதிபதி மாளிகையில் அமைச்சர் பதவி முத்திரை வாங்குவதற்கு. கல்லறையிலிருந்து நேராக மாளிகைக்கு. நடுவில் கில்டோரன் ஓட்டுகளையும் அள்ளிக்கொண்டு.

கான்செப்டாவை உடனே மாதா கோவிலுக்குப் போய், தன் சார்பில் குடும்பத்தாரின் கையைக் குலுக்கச் சொன்னார். அவள் போனாள். போனது போதாதென்று திரும்ப அழைத்து விவரமும் சொன்னாள்.

"பூசைக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பவே முதல் வரிசையில குடும்பத்தோட உக்காந்திருக்கா."

"முதல் வரிசையிலயா?"

"அழுறா வேற. நிஜக் கண்ணீர். மூக்கு ஒழுகுது."

மலாக்கி இடிந்துபோனார். தகப்பன் காலத்திலிருந்து சாவு வீடுகளுக்கு நடந்து குடும்பச் செருப்பு தேய்ந்திருக்கிறது. இதுவரை மூன்றாம் வரிசையைத் தாண்டியதில்லை. கண்ணீர் வந்ததே இல்லை. அந்தம்மா முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு மூக்கையும் சேர்த்துச் செலவழிக்கிறாள் என்றால், அது அரசியல் இல்லை, கொள்ளை.

கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "கைப்பேசி கூடவேதானே வருது," என்று கான்செப்டாவிடம் சொன்னார். "கோவில்ல அதை எடுத்துப் பேசுவியா?" என்று அவள் கேட்டது காரின் சத்தத்தில் அடிபட்டுப்போனது.

மேற்கே போகப்போக மழை. வழியெல்லாம் ரேடியோவில் யார் யார் அமைச்சர் என்று ஆரூடம். தன் பெயர் முதலில் வந்தால் ஒலியைக் கூட்டினார். ஓர்லாவின் பெயர் முதலில் வந்தால் நிலையத்தை மாற்றினார். கடைசியில் கால்நடை விலை சொல்லும் நிலையம் ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

கில்டோரன் கோவில் வாசலில் இன்னொரு அதிர்ச்சி. பக்கத்துத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர் காஹல் ஃப்ரீல், சம்பந்தி வீட்டார்போல் நின்று வருகிறவர்களின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நம்ம வேலிக்குள்ளே இவனுக்கு என்ன மேய்ச்சல் என்று மலாக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஹல் தொப்பியைத் தூக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலாக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

பூசை முடிந்து, துக்கம் விசாரிக்கும் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. முதல் இருக்கையில், செத்தவரின் மகனுக்குப் பக்கத்தில், ஓர்லா. கண் வீங்கி, மூக்கு சிவந்து, கைக்குட்டை நனைந்து. என்ன உழைப்பு என்று மலாக்கி மனசுக்குள் பல்லைக் கடித்தார். இதற்கு மேலே போகாவிட்டால் வந்ததே வீண்.

மகனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவர் எனக்கு அப்பா மாதிரி," என்றார்.

மகன், மீசை வைத்த பெரிய ஆள், கொஞ்சம் திகைத்தார். "அப்பா உங்களைப் பத்தி நிறைய சொல்லுவாரு, மினிஸ்டர்."

"என்ன சொல்லுவாரு?"

"கோவில்ல வெச்சுச் சொல்ல முடியாது."

இருந்தாலும் அந்த மனிதர் இளகிவிட்டார். அப்பா மாதிரி என்றால் ஒரு தோள் கொடுங்கள் என்றார். சவப்பெட்டி தூக்க வேண்டிய ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். மலாக்கி ஓர்லாவைக் கடைக்கண்ணால் பார்த்தார். அந்தம்மா இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையாவது கண்ணீராவது, தோளுக்கு ஈடாகுமா? "என் பாக்கியம்," என்றார்.

இக்கி கீவன்னி தொண்ணூறு வயதிலும் உடம்பு குறையாதவர். அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெட்டிக்கு அடியில் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கை பெட்டியைத் தாங்கும். அதாவது ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு கைகூட மிச்சமிருக்காது.

கோவில் படியைத் தாண்டியதும் மலாக்கியின் மார்புப் பையில் கைப்பேசி அடித்தது.

அது உற்சாகமான பிடில் ஆட்டமெட்டு. சென்ற தேர்தலில் இளைஞர்களைக் கவர்வதற்காக வைத்தது. பின்னால் வந்த ஊர் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. சுமப்பவர்களின் கால்கள் தாமாகவே தாளத்துக்கு வந்துவிட்டன. இக்கி கீவன்னி லேசாகக் குதித்துக் குதித்துப் போனார். மெட்டு நின்றது. மலாக்கி மூச்சு விட்டார். மறுபடி அடித்தது.

சவ அடக்கம் நடத்தும் மக்நல்ட்டி பூனைபோல் பக்கத்தில் வந்து, பையில் கைவிட்டு, கைப்பேசியை எடுத்து அணைத்தார்.

"யாருன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க," என்று பெட்டிக்கு அடியிலிருந்து கெஞ்சினார் மலாக்கி.

"யாரா இருந்தாலும் இக்கிக்கு அப்புறம்தான், மினிஸ்டர்," என்று மக்நல்ட்டி அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கல்லறைக்கு ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் மலாக்கிக்குக் கண்ணீர் வந்தது. வாழ்நாளில் முதன்முறையாக, சாவு வீட்டில், தாரை தாரையாக. துடைக்கக் கையில்லை. ஊர் பார்த்தது. எவ்வளவு பாசம் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

பெட்டியை இறக்கியதும் மண்வெட்டி கைமாறி இவரிடம் வந்தது. அப்பா மாதிரி என்றவர் மறுக்க முடியுமா? சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் கைப்பேசி என்று வெறிபிடித்தவர்போல் மண்ணை வாரிப் போட்டார். குழிவெட்டுகிற ஆட்களே ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அப்போது மதிலோரத்தில் ஓர்லா கைப்பேசியைக் காதில் வைத்திருப்பதைக் கண்டார். இவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தலையை ஆட்டி ஏதோ மறுத்தாள். பிறகு வெகுநேரம் கேட்டாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மலாக்கியின் மண்வெட்டி அந்தரத்தில் நின்றது.

ஓர்லா நேராக இவரிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியவே தெரியாது, மலாக்கி," என்றாள். "இக்கி என் தாய்மாமா. அம்மாவோட ஒரே அண்ணன். அவருக்கு நீங்க இவ்வளவு நெருக்கமா? அதுவும் இன்னைக்கு, எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருக்கீங்க."

மலாக்கி தன் ஷூவில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். "போன்ல யாரு?"

"பிரதமர். முதல்ல உங்களைத்தான் கூப்பிட்டாராம். போக்குவரத்துத் துறையை உங்களுக்குன்னு வெச்சிருந்தாராம். எடுக்கலையேன்னு எனக்குப் போட்டு, பக்கத்துல இருந்தா குடுன்னாரு."

"குடுத்திருக்கலாமே."

"எப்படிக் குடுப்பேன்? அழுதுக்கிட்டே மண்ணு போடுறீங்க. இந்த நேரத்துல பதவியைப் பத்திப் பேசினா அந்த மனுஷன் மனசு நொந்துடும்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான்," என்றார் மலாக்கி. குரல் இக்கிக்கும் கீழேயிருந்து வந்தது.

சபை கூடும் நேரம், மேற்குக்கு வேறு ஆளில்லை, அப்படியானால் நீயே வா என்று பிரதமர் சொல்லிவிட்டாராம். ஓர்லா மாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தாளாம். சொல்லிவிட்டு மலாக்கியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோட்டு நல்ல கம்பளி. கான்செப்டா விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள்.

அமைச்சர் ஓர்லா டோலன் போன பிறகு, மலாக்கி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மெல்ல மெல்ல ஒரு ஆறுதல் தலை தூக்கியது. நாற்காலி போனால் போகட்டும். இன்று கில்டோரன் முழுக்கத் தன் தோளைப் பார்த்தது, கண்ணீரைப் பார்த்தது. அந்தம்மா இனி டப்ளினில் கோப்பு புரட்டிக்கொண்டிருப்பாள். அடுத்த தேர்தலில் இந்த ஊர் ஓட்டு அத்தனையும் தனக்கு. சொந்தத் தாய்மாமன் ஊரிலேயே ஓர்லாவை முந்திவிடலாம். நினைக்கவே முதுகுவலி குறைந்தது.

கல்லறையிலிருந்து வாசல்வரை ஒரு கையை விடவில்லை. எல்லோருடைய கையையும் குலுக்கினார். எதிரில் வந்த குழந்தையின் கையையும் குலுக்கினார். மக்நல்ட்டியிடம் கைப்பேசியை வாங்கிக்கொண்டபோதும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

வாசலில் காஹல் ஃப்ரீல் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இவர் கையைத் தாமே இழுத்துப் பிடித்துக் குலுக்கினார்.

"வந்தப்பவே சொல்ல நினைச்சேன், நீ நிக்கலை," என்றார். "அடுத்த தேர்தலுக்கு கில்டோரன் என் தொகுதியில வருது, மலாக்கி. கோடையில சபையில நீதானே வாசிச்சே? நான் எதிர்லயே உக்காந்து கேட்டேன்."

ஊர்ப் பெயரை மலாக்கி அன்று மிகச் சரியாக உச்சரித்திருந்தார்.