மைக் பிடித்துப் பெயர் வைத்தவன்

பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வேலையில் அப்பன்காரனைச் சேர்க்கவே கூடாது. லொறிக்கு வைக்கச் சொல்லுங்கள், நாய்க்கு வைக்கச் சொல்லுங்கள், ஒழுங்காகச் செய்வான். பிள்ளை என்று வந்தால் அவனுக்குத் திடீரென்று வம்சம், பரம்பரை எல்லாம் ஞாபகம் வந்துவிடும். அதுவரைக்கும் தன் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் மாத்திரைகூட வாங்கிக் கொடுத்திருக்க மாட்டான். நான் யாரையும் குத்திக்காட்டவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ரவி. லொறி ஓட்டுகிறேன். வெலிமடையில் லீக்ஸும் கேரட்டும் ஏற்றிப் பதுளையில் இறக்குவது தொழில். வீடு, தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்று. என் மனைவி சுகந்தி முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போவது பையன்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். டொக்டர் சொல்லவில்லை, சாமி சொல்லவில்லை, நான் சொன்னேன். பையனுக்கு என் அப்பா பெயரான ராசையாவை வைக்கப்போகிறேன் என்று மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் அறிவித்தாயிற்று.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். தாதி வந்து சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி: "நல்லாப் பாத்தீங்களா மிஸ்?" (அந்தம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அப்போதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.)

ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் நான் இல்லை. ராசையாவைப் பெண்ணாக்கிவிடலாம் என்று யோசனை வந்தது. எங்கள் லயத்தில் அது பழைய வித்தை. கருப்பையாவின் பேத்தி கருப்பாயி. மருதமுத்துவின் பேத்தி மருதாயி. கொஞ்சம் நாகரிகம் வந்த பிறகு விஜயகுமாரின் மகள் விஜயகுமாரி, யோகராஜாவின் மகள் யோகராணி. ஆம்பிளைப் பெயருக்கு ஒரு பாவாடையைச் சுற்றிவிட்டால் முடிந்தது வேலை. ராசம்மா, ராசாயி என்றெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் ராசாத்தி என்று முடிவு செய்தேன். ராசையா பேத்தி ராசாத்தி. இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் எவனும் பெயர் வைத்ததில்லை என்று நினைத்து, லொறியை ஓட்டிக்கொண்டே சிரித்தேன்.

சுகந்தி சிரிக்கவில்லை. அவள் பசறைப் பக்கத்துப் பெண், முன்பள்ளியில் பாடம் நடத்துகிறவள். சின்னப் பிள்ளைகளுடன் பழகிப் பழகி என்னிடமும் நிதானமாகத்தான் பேசுவாள்.

"ராசாத்தி எல்லாம் வேணாங்க. ரிஷானின்னு வைப்போம்."

"அது என்னா ரிஷானி? குளிக்கிற சவர்க்காரப் பேரு மாதிரி இருக்கு."

"சவர்க்காரம்னா வாசமாவாச்சும் இருக்கும்."

"எங்கப்பா பேரு இந்த வீட்டுல நெலைக்கணும்."

"சரிங்க. ஒங்க அம்மா பேரு அஞ்சலை. அடுத்தது பையன் பொறந்தா அஞ்சலையன்னு வைப்பீங்களா?"

"அது எப்புடி? ஆம்பளப் புள்ளைக்குப் போயி பொம்பளப் பேர வைக்கிறதா?"

"பாத்தீங்களா? ஆம்பளப் பேர பொம்பளைக்கு மாட்டினா மரியாதை. பொம்பளப் பேர ஆம்பளைக்கு மாட்டினா கேவலம்."

வாதத்தில் தோற்கும்போது வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். நான் கத்தி முடித்து மூச்சு வாங்கும்வரை சுகந்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"சரி, ராசாத்தியே வைங்க. ஆனா ஒண்ணு. புள்ள காதுல பேரச் சொல்றது ஒங்க அம்மாதான். அவங்க வாயால வந்திருச்சுன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன். வராட்டி ரிஷானி."

வராட்டியாம்! எனக்கு அக்காவோ தங்கையோ கிடையாது. அதனால் பிள்ளையின் அத்தை செய்ய வேண்டியதை எப்படியும் என் அம்மாதான் செய்யவேண்டும். கிழவனின் பெயரைக் கிழவி சொல்வதில் என்ன கஷ்டம்? "பேச்சு மாறக்கூடாது" என்றேன். "மாறமாட்டேன்" என்று சிரித்தாள். சண்டையில் பொண்டாட்டி திடீரென்று விட்டுக்கொடுத்துச் சிரித்தால், வண்டியை ஓரங்கட்டி பிரேக்கைப் பார்க்கவேண்டும். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அப்பாவிடமும் சொன்னேன். தேயிலை ஃபேக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். அதிகம் பேசமாட்டார்.

"அந்தப் பேர வச்சுக்கிட்டு நானே ஒண்ணும் கிழிக்கல. பச்சப் புள்ளைக்கு எதுக்குடா?" என்றார்.

அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். நாலு பேரைக் கூப்பிட்டு, சேலைத் தொட்டில் கட்டி, காதோடு காதாகச் சொல்லி, சோறு போட்டு அனுப்புகிற சின்ன விசேஷம். எனக்கு அது போதவில்லை. தோட்டத்துக் கோயிலில் இருந்து மைக் செட்டை இரவல் வாங்கி வந்து, புனல் ஸ்பீக்கரைக் கொய்யா மரத்தில் கட்டினேன். மேட்டு லயத்துக்கும் கேட்க வேண்டும், எதிர் மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். ராசையாவின் பெயர் நிலைத்துவிட்டது என்று தோட்டமே தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் அக்கா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா ரவி, புள்ளைக்குப் பேர் வைக்கிறியா, எலக்சன் கேக்குறியா?"

"பொறுத்திருந்து பாருங்கக்கா" என்றேன். (பார்த்தார். இன்றுவரைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

நேரம் வந்தது. அம்மா சீனித் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தார். வெற்றிலையைப் பிள்ளையின் காதோரம் பிடித்துக் குனிந்தார். நான் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். காம்பரா நிறைய ஆட்கள்.

ஒன்றும் வரவில்லை. அம்மா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் புஸ்ஸு புஸ்ஸென்று மலை முழுக்கக் கேட்டது.

"சொல்லும்மா" என்றேன். அதுவும் மலை முழுக்கக் கேட்டது.

"நீ சொல்லுடா."

"நான் சொல்லக்கூடாதும்மா, நீதான் சொல்லணும். ராசாத்தி. மூணு தடவ. அவ்வளவுதான்."

"வராதுடா."

"என்னா வராது? வாயில என்னா, கொழுக்கட்டையா வச்சிருக்க?"

பெற்ற தாயைப் பார்த்து ஒருவன் கேட்கிற கேள்வியா இது? கேட்டேன். கொய்யா மரம் அதை அப்படியே எடுத்து மூன்று மலைக்குச் சொன்னது.

பாக்கியம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அடேய் கூறுகெட்டவனே, கட்டின புருசன் பேர அவ எப்புடிடா சொல்லுவா?"

"புருசன் பேர யாரு சொல்லச் சொன்னா? புள்ள பேரத்தானே சொல்லச் சொல்றேன்!"

"அந்தப் பேருக்குள்ளதானேடா இந்தப் பேரக் கொண்டுபோயி வச்சிருக்க! ஒங்கம்மா ஒன்னையவே ஒரு நாளாச்சும் ராசான்னு கொஞ்சியிருக்காளா? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் லயத்தில் மற்ற அம்மாமார் மூக்கொழுகுகிற பயல்களையெல்லாம் 'என் ராசா, வாடா ராசா' என்று கொஞ்சினார்கள். என் அம்மா என்னை எருமை என்றுதான் கூப்பிட்டார். அதற்குக் காரணம் என் குணம் என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். சந்தையில் ராசவள்ளிக் கிழங்கைக்கூட அம்மா 'அந்த ஊதாக் கிழங்கு' என்றுதான் கேட்பார். பெயர் தெரியாமல் கேட்கிறார் என்று நான் பக்கத்தில் நின்று சத்தமாகத் திருத்திக்கூட இருக்கிறேன். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகாத சுகந்தி தொட்டில் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மைக்கை அணைத்திருப்பான். நான் இன்னும் கிட்டே நீட்டினேன்.

"இன்னைக்கு ஒரு நாளு சொன்னா ஒண்ணும் ஆகாதும்மா. அப்பா பேருதானே? சொல்லு. அப்பா பேரு என்னா? சொல்லு!"

பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. எல்லோரும் பார்க்கிறார்கள், மகன் அதட்டுகிறான், பேத்தி அழுகிறாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பதிலாக இத்தனை வருடமும் எதைச் சொல்லி வந்தாரோ அதைப் பிள்ளையின் காதில் மடமடவென்று சொல்லிவிட்டார்:

"ரவி அப்பா. ரவி அப்பா. ரவி அப்பா."

மூன்று தடவை. முறைப்படி. மைக்கில்.

அப்போது பின்பக்கம் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கையில் அகப்பையுடன் தலையை நீட்டினார்.

"இந்தா, கூப்பிட்டியா?"

அவ்வளவுதான். பாக்கியம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கிழவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகு தட்ட ஆள் தேடினார்கள். எதிர் மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் சிரித்தது ஸ்பீக்கர் இல்லாமலேயே இங்கே கேட்டது.

"இது செல்லாது! மறுபடி முதல்ல இருந்து!" என்று கத்தினேன்.

"காதுல விழுந்தது விழுந்ததுதான்டா. துப்பின எச்சிய நக்குவியா?" என்றார் பாக்கியம் அக்கா.

சுகந்தி வந்து என் கையில் இருந்த மைக்கை வாங்கினாள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அணைத்தாள். குனிந்து பிள்ளையின் காதில் 'ரிஷானி' என்று மூன்று தடவை சொன்னாள். அதைக் கேட்டது பிள்ளை மட்டும்தான்.

ஆட்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு அம்மாவிடம் போய்க் குதித்தேன். "இப்புடின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா? மானமே போச்சு!"

அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு சொன்னார்: "என்கிட்ட எங்கடா கேட்ட?"

கேட்கவில்லைதான். அப்பாவிடம் சொன்னேன், சுகந்தியிடம் சண்டை போட்டேன், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னேன். வாய் திறந்து சொல்லவேண்டிய மனுஷியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பெயரை வாயால் சொல்லிவிடாமல் அம்மா ஒரு ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்திருக்கிறார். அதற்குப் பதிலாக அப்பா அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார் தெரியுமா? 'இந்தா'. அஞ்சலை என்ற பெயரை அந்த வீட்டில் யாருமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதை நிலைநிறுத்த நான் மைக் செட் கட்டவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ரிஷானி என்ற பெயர் பள்ளிக்கூட வாசலோடு சரி. பஸ்ஸை விட்டு இறங்கினால் மேட்டு லயத்தில் இருந்து கீழ் லயம்வரை அவள் பெயர் 'ரவியப்பா'. கடைக்காரர், பூசாரி, அவள் வயதுப் பொடிசுகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அதில் பெருமை வேறு. நான் ஏதாவது அதட்டினால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட இப்புடியா பேசுறது ரவி?" என்கிறாள். சுகந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். தோள் குலுங்குவது தெரிகிறது.

சாயங்காலத்தில் அம்மா அடுப்படியில் இருந்து, "ரவி அப்பா, தேத்தண்ணி ஆறுது!" என்று குரல் கொடுப்பார். ஒரு பக்கம் இருந்து அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வருவார், இன்னொரு பக்கம் இருந்து மகள் ஓடி வருவாள். ஆரம்பத்தில் ஒரு நாள், என் பெயரும் அதில் இருக்கிறதே என்று நானும் எழுந்து போனேன். "ஒன்னைய இல்லடா" என்றார் அம்மா.

காலையில் இருந்து ராத்திரிவரை அந்தக் காம்பராவில் கேட்பது என் பெயர்தான். கூப்பிடுவதுதான் என்னை இல்லை.