அம்மா படம் போட்ட சோப்புப் பெட்டி

என் அம்மா நல்ல உடல்நலத்தோடு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் இறந்துவிட்டதாக ஊருக்குத் தெரிவித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிக்கும் போனவன் நான்தான். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அதுவும் வராது. அதனால் வீட்டுக்குள் நுழையும் காகிதம் எல்லாம் என் இலாகா. ரேஷன் கார்டு, கரண்டு பில், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு வரை நான்தான் படித்துச் சொல்வேன். (மருந்துச் சீட்டில் ஒரு எழுத்தும் புரியாது. புரியவில்லை என்று சொன்னதில்லை. படித்தவன் அல்லவா.)

அம்மா பன்னிரண்டு வருஷம் இறால் கம்பெனியில் தோல் உரித்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி, இறாலோடு சேர்த்து அவள் கையும் உரிந்தது. கோயில் மாதர் சங்கத்தில் சோப்பு செய்யக் கற்றுக் கொடுத்தபோது, அந்தக் கைக்குத்தான் முதலில் செய்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் சோப்பு. கை கொஞ்சம் ஆறியது. தெருவில் நாலு பேர் கேட்டார்கள். பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஞானம் மாமி வந்தாள். விசைப்படகு வைத்திருக்கும் வீடு. மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் முறையும் கோயிலில் வாசித்தாயிற்று, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய்ப் பைக்குப் பதிலாக அம்மாவின் சோப்பைக் கொடுக்கலாம் என்று யோசனை. நானூறு சோப்பு.

“பேப்பர்ல சுத்திக் குடுத்துராத ஏளா. நாலு பேரு வீட்டுக்குக் கொண்டு போய் ஷோகேஸ்ல வைக்கணும். அப்படி ஒரு பெட்டி வேணும்” என்றாள் மாமி.

“எம் மவன் படிச்சவன்லா. அவன் பாத்துக்கிடுவான்” என்றாள் அம்மா.

அந்த வாரமே அம்மா கம்பெனியிலிருந்து நின்றாள். சூப்பர்வைசர், “மாசக் கடைசி வரைக்கும் ஒன் எடத்துல ஆள் போட மாட்டேன். அதுக்குப் பொறவு வந்து நிக்காத” என்று சொல்லி அனுப்பினான். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சோப்பு பிடித்தால் ஆர்டர் வரும். பிடிக்காவிட்டால் திரும்பவும் ஐஸ் தண்ணீர். அம்மாவின் இரண்டு கைகளும் என் ஒரு பெட்டியை நம்பி நின்றன.

நான் துறைமுகத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். டிசைன் படித்தவன் இல்லை. மூன்று வாரம் போனில் வீடியோ பார்த்தேன். பெட்டியில் நிறைய வெள்ளை இடம் விட்டால் பொருள் விலை உயர்ந்ததாகத் தெரியும், செய்தவரின் முகத்தைப் போட்டால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும், எழுத்து குறைவாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. வெள்ளை அட்டை. சுற்றிலும் மெல்லிய கறுப்பு பார்டர். நடுவில் முட்டை வடிவத்துக்குள் அம்மாவின் படம், லேசாகச் சிரித்தபடி. படத்துக்கு இரண்டு பக்கமும் லில்லிப் பூ. கீழே ‘செல்வமேரி’ என்று ஊதா எழுத்தில் பெயர். பெயருக்குக் கீழே இடப்பக்கம் ஒரு தேதி, தயாரித்தது. வலப்பக்கம் ஒரு தேதி, காலாவதி ஆவது. ‘தயாரிப்பு’, ‘காலாவதி’ என்ற சொற்களை அழகு கெடுகிறது என்று அடிப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அச்சடிக்க முத்தையாபுரத்தில் ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். பெட்டி வேலைக்குப் பத்து நாளாவது ஆகும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பிரஸ் அண்ணாச்சி என் போனை வாங்கி டிசைனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து நின்றார்.

“அம்மாவா?”

“ஆமா அண்ணாச்சி.”

“சின்ன வயசுதான். என்னைக்குத் தம்பி வேணும்?”

“சனிக்கிழமை விசேஷம்.”

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க. இதுக்கெல்லாம் காக்க வைக்கப்பிடாது.” உள்ளே திரும்பி, “ஏலே, அந்தக் காலண்டர் வேலைய நிறுத்து, இத ஏத்து” என்றார். எனக்கு டீ வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை தோளில் கை வைத்திருந்தார்.

(அச்சகங்களில் துக்க வேலை வந்தால் மற்ற வேலைகளை ஓரம்கட்டிவிட்டு அதைத்தான் முதலில் அடிப்பார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, என் டிசைனைப் பார்த்துத் தொழில் தெரிந்த மனுஷன் அசந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.)

மறுநாள் கட்டுகளைக் கொடுக்கும்போது அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “பார்டர் கொஞ்சம் மெலிசா இருந்திச்சு தம்பி. நானே கனமாக்கிட்டேன். இதுக்கு அதுதான் எடுப்பு.”

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லாருக்காம்மா?” என்றேன். “நீ செஞ்சது நல்லாத்தான் இருக்கும்” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, நானூறு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு சோப்பாக வைத்து மூடினாள். தன் முகத்தைத் தானே நானூறு தடவை மூடினாள்.

சனிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து கூட்டம் மண்டபத்துக்கு வந்தது. அம்மா பூசைக்குப் போகாமல் நேராக வந்து, உள்ளே முதல் பந்தியில். நான் வாசலில் மேசை போட்டு, பெட்டிகளை அடுக்கி, தேய்த்த சட்டையோடு நின்றேன். முதலில் வந்தவள் முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு சித்தி. பெட்டியை வாங்கினாள். பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“படத்துல எப்படி இருக்கா பாரு” என்றாள்.

“நான்தான் எடுத்தேன் சித்தி.”

“ரொம்பக் கஷ்டப்பட்டாளோ மக்கா?”

“ரொம்பத்தான். கையெல்லாம் உரிஞ்சி போச்சு. இப்பந்தான் நிம்மதி.”

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எனக்கும் கண் கலங்கியது. பின்னால் வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, “தைரியமா இருலே” என்றார். தொழில் தொடங்குகிறவனுக்குச் சொல்கிறார் என்று, “இருக்கேன் மாமா” என்றேன்.

கண்ணைத் துடைத்தபடி உள்ளே போன சித்தி, பந்தியில் என் அம்மா பாயசம் குடிப்பதைக் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாதிப் பேர் அம்மாவைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் பெட்டியை விளக்கருகே பிடித்துப் படித்து, “அடுத்த வருசம்லா போட்டிருக்கு. டாக்டரு தேதியே குறிச்சிட்டாரா?” என்று கேட்டார். மணப்பெண்ணின் பாட்டனார் மேடையிலேயே ஜெபமாலையை எடுத்துவிட்டார். மணப்பெண் அழத் தொடங்கினாள்.

ஞானம் மாமி அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“ஏளா செல்வமேரி, எம் மவ கலியாணத்துல ஒன் முப்பதாம் நாள் பூசைய வைக்கியே.”

அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “என் தப்புதான் மைனி” என்றாள். கொடுத்த பெட்டிகளைத் தானே மேசை மேசையாகப் போய்த் திரும்ப வாங்கினாள். சிலர் அதற்குள் அதைக் கைப்பைக்குள் ஜெபப் புத்தகத்தோடு வைத்திருந்தார்கள்.

ஆட்டோவில் கால்களுக்கு இடையில் மூன்று சாக்கு. அம்மாவின் முகம் சாக்குகளின் வாயிலிருந்து எங்களைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாகச் சிரித்தது. பாதி வழியில்தான் கேட்டேன்.

“ஒனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுதாம்மா?”

“தெரிஞ்சுது. ஒங்கப்பாவுக்கு அடிச்ச கார்டு மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்.”

“பெறகு ஏம்மா சொல்லல?”

“நீ படிச்சவன். எனக்கு என்னலே தெரியும். இப்பம் எல்லாம் இப்படித்தான் போடுதாங்க போலன்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் புத்தகம் கிடையாது. நான் சிறு வயதிலிருந்து பார்த்த ஒரே நல்ல அச்சு, மாதா சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த நினைவு அட்டைகள்தான். அப்பாவுடையது, தாத்தாவுடையது, பெரியப்பாவுடையது. வெள்ளை, கறுப்பு பார்டர், முட்டை வடிவப் படம், லில்லி, இரண்டு தேதி. அழகு என்றால் என் கண்ணுக்கு அதுதான். மூன்று வாரம் பார்த்த வீடியோ எல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

திங்கட்கிழமை அம்மா ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு இறால் கம்பெனிக்குப் போனாள். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தப் பூட்ஸ் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நான் அன்று ஆபீஸுக்குப் போகவில்லை.

நாலு மாதம் கழித்து ஒருவர் வந்தார். அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர். மனைவி இறந்துபோயிருந்தாள். படத்தை நீட்டினார்.

“முப்பதாம் நாள் பூசைக்கு வாரவங்களுக்கு எல்லாரும் எவர்சில்வர் டப்பா குடுக்காங்க. இவ சுத்தக்காரி. சோப்பு குடுத்தா சந்தோசப்படுவா. அன்னைக்கு நீ செஞ்சியே, அதே மாதிரி, ஒண்ணும் மாத்தாண்டாம்.”

அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. அம்மா கம்பெனியை விட்டு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. கை ஆறிவிட்டது. கோயிலில் துக்க மணி அடித்தால், அம்மா எண்ணெயை அளந்துவிட்டுப் பிறகுதான் சிலுவை போடுகிறாள். வரிசை மாறிப் போயிற்று என்று, கட்டிக்கொடுத்த என் அக்கா வரும்போதெல்லாம் திட்டுவாள். அம்மாவும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லிவிட்டாளாம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னாராம்.

ஆனால் ஒன்று, இப்போது அம்மா வாய் திறக்கிறாள். நான் எதை வரைந்தாலும் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்கிறாள். போன மாதம் என் கல்யாணப் பத்திரிகைக்கு நானே ஒரு மாதிரி செய்து, என் படமும் பெண்ணின் படமும் வைத்துக் காட்டினேன். சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல செத்தது யாருலே, நீயா அவளா?”

பத்திரிகையை வேறு ஆளிடம் வரையக் கொடுத்தோம். மாமனார் வீட்டில் இப்போதெல்லாம் என்னை அந்தக் கேள்வியைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்.